தோட்டத்து டவுனிலிருந்து சிட்னி மாரத்தான்: ஓட்டக்காரருக்கும் பந்தய நாற்காலிக்காரருக்கும் ஒரு வழிகாட்டி

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் இப்போது விடிவதற்கு முன்னாலேயே லிந்தாங் சாலையில் ஓடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. அவர்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சிட்னிக்கு எப்படிண்ணே போனீங்க, யாரைப் பிடிக்கணும்?" யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தெரியாமல் இறங்கினால் பணமும் வீணாகும், ஒரு வருடமும் வீணாகும். நான் ஓட்டக்காரனாகவும், என் அண்ணன் மகன் பந்தய நாற்காலிக்காரனாகவும் (கையால் தள்ளி ஓட்டும் பந்தயச் சக்கர நாற்காலியில்) இதில் இறங்கினோம். விவரம் கேட்க ஆளில்லாமல் தட்டுத்தடுமாறித்தான் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

சிட்னி மாரத்தான் 2025-இல் உலகின் பெரிய மாரத்தான்களின் வரிசையில் ஏழாவதாகச் சேர்ந்தது. மற்ற ஆறும் டோக்கியோ, பாஸ்டன், லண்டன், பெர்லின், சிகாகோ, நியூயார்க். நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை டோக்கியோவும் சிட்னியும்தான். கோலாலம்பூரிலிருந்து சிட்னிக்கு நேர் விமானம் உண்டு, ஏறக்குறைய எட்டு மணி நேரம். நேர வித்தியாசம் இரண்டே மணி நேரம் என்பதால் தூக்கமும் பெரிதாகக் கெடாது. பந்தயம் ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும். 2025-இல் அது ஆகஸ்டு 31, நம் சுதந்திர தினத்தன்றே நடந்தது.

1. எந்த வழியில் இடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

சாதாரண ஓட்டக்காரருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது குலுக்கல். ஒரு வருடப் பந்தயம் முடிந்த சில வாரங்களிலேயே அடுத்த வருடத்துக்கான குலுக்கல் திறந்துவிடும், ஒரு மாதம் போலத் திறந்திருக்கும். 2026 பந்தயத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். அதனால் முதல் தடவையிலேயே பெயர் விழும் என்று எண்ணி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். மலிவு விலை டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது.

இரண்டாவது, அறநிறுவனத்துக்கு நிதி திரட்டி இடம் பெறுவது. திரட்ட வேண்டிய தொகை ஆஸ்திரேலிய டாலரில் இருக்கும். நம் டவுனில் கோயில், பள்ளி, இறுதிச் சடங்கு என்று ஏற்கெனவே எல்லாரும் கை நீட்டிக்கொண்டிருக்கிற நிலையில் இது சுலபம் இல்லை. தொகை சேராவிட்டால் மீதியை நீங்களே கட்ட வேண்டி வரலாம். அந்த நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்கள். ஓட்ட இடமும் ஓட்டல் அறையும் சேர்த்து விற்பார்கள். விலை கூடுதல், ஆனால் இடம் உறுதி. நிறுவனத்தின் பெயர் மாரத்தானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வாட்சாப் குழுவில் "ஸ்லாட் இருக்கு, என் பெயரில் ஓடிக்கலாம்" என்று வருவதை நம்பவே வேண்டாம். மார்பில் குத்தும் எண் அட்டை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவருக்கு மாறாது. மாற்றுப் பெயரில் ஓடி மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவிடம் இருக்கும் விவரம் வேறு ஒருவருடையது. அது உயிர் விஷயம்.

பந்தய நாற்காலிக்காரர் பொதுக் குலுக்கலில் பெயர் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அவருக்குரிய பாதை வேறு, அதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

2. கடப்பிதழும் பெயரும்

கடப்பிதழைத்தான் (பாஸ்போர்ட்) எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டும். ஐந்து வருடக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட். ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டை) வைத்திருப்பவருக்குக் கட்டணம் கிடையாது, அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள். நம் பக்கத்துக்காரர்கள் ஈப்போவில் முடித்துவிடலாம். பந்தய நாளுக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும். குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். காரணம் ஐந்தாம் படியில் வரும்.

நம் இனத்தவருக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. நம் பெயர்களுக்கு நடுவில் ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) என்று வரும். வெளிநாட்டுப் பாரங்கள் பெரும்பாலும் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கும் விடாது. உடனே ஆளுக்கொரு விதமாக நிரப்புவோம்: பந்தயப் பதிவில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், விமான டிக்கெட்டில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் "ஏஎல்" ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றதில் இருக்காது. பெயர் பொருந்தவில்லை என்று கவுண்டரில் நிறுத்தினால் அந்த நேரத்தில் திருத்துவது பெரும்பாடு.

இதற்கு வழி எளிது. கடப்பிதழில் உங்கள் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பந்தயப் பதிவு, விசா, டிக்கெட், காப்புறுதி எல்லாவற்றிலும் அதே வரிசையில் நிரப்புங்கள். ஒரு பாரம் சாய்கோட்டை ஏற்காவிட்டால் இடைவெளி விடுங்கள், அதையே எல்லாவற்றிலும் செய்யுங்கள். குடும்பத்தில் படித்த பிள்ளை ஒன்றிடம் எல்லாப் பாரத்தையும் கொடுத்து நிரப்பச் சொல்வதும் நல்லது. பல கை பட்டால்தான் பெயர் பலவிதமாகும்.

3. பந்தய நாற்காலிக்காரருக்கு: அட்டை, வகுப்பு, நேரம்

இந்தப் படிக்கு ஒரு வருடம் போதாமலும் போகலாம். அதனால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

முதலில் ஓகேயூ அட்டை. சமூக நல இலாகாவில் பதிய வேண்டும், மருத்துவ அதிகாரியின் உறுதிப்பாடு வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது என்பதால் நாம் போக வேண்டிய மாவட்ட அலுவலகமும் அங்கேதான். அட்டை இல்லாமல் எத்தனையோ பேர் வீட்டோடு இருக்கிறார்கள். பந்தயத்துக்குப் போகாவிட்டாலும் அதை எடுத்து வையுங்கள்.

அடுத்தது விளையாட்டு வகுப்பு. பந்தய நாற்காலி ஓட்டத்தில் டி51 முதல் டி54 வரை வகுப்புகள் உண்டு. கையிலும் பலம் குறைந்தவர்கள் டி51, டி52. கை நன்றாக இருந்து உடம்பின் நடுப்பகுதிக்குப் பிடிப்பு இல்லாதவர்கள் டி53. அந்தப் பிடிப்பு ஓரளவோ முழுசாகவோ இருப்பவர்கள் டி54. பெரிய மாரத்தான்களில் டி53, டி54 இரண்டையும் ஒன்றாக விடுவார்கள். வகுப்பை நீங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது, பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர்கள் பார்த்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் மாநில மாற்றுத்திறனாளி விளையாட்டுச் சங்கத்தையும் மலேசிய பாராலிம்பிக் மன்றத்தையும் தொடர்புகொண்டு, அடுத்த வகைப்படுத்தல் எப்போது, எங்கே என்று கேளுங்கள். அது தினமும் நடப்பதில்லை, பெரும்பாலும் ஏதாவது ஒரு போட்டியை ஒட்டித்தான் நடக்கும். மருத்துவக் கோப்பின் நகல், எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை விவரம் எல்லாம் தயாராக இருக்கட்டும். பழைய ஆஸ்பத்திரிக் கோப்பைத் தேடி எடுக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது நாற்காலி. வீட்டில் உட்காரும் நாற்காலி வேறு, இது வேறு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், நீளம் ஏறக்குறைய ஆறடி. பின்சக்கரம் காற்றடைத்த டயரோடு 70 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, முன்சக்கரம் 50 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு பெரிய சக்கரத்துக்கும் கையால் தள்ளும் வளையம் ஒன்றுதான். கியர், செயின், நெம்புகோல் எதுவும் கூடாது. தலைக்கவசம் கட்டாயம். கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர சைக்கிளை வாங்கிவிட்டு இதற்குப் பதிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தனி விளையாட்டு, இந்தப் பந்தயத்தில் ஏற்க மாட்டார்கள். நாற்காலியை உடம்பளவு எடுத்துத்தான் செய்வார்கள், வெளிநாட்டிலிருந்துதான் வரும், விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளைத் தாண்டும். முதலில் மாநிலச் சங்கத்திடம் பழைய நாற்காலி கிடைக்குமா என்று கேளுங்கள். அளவு பொருந்தினால் இரண்டு வருடம் அதிலேயே ஓட்டலாம்.

நான்காவது, நேரம். அமைப்பாளருக்கு எழுதும்போது அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் பழைய பந்தய முடிவுகளைத்தான். பாரா சுக்மாவின் (மாற்றுத்திறனாளிகளுக்கான மலேசிய விளையாட்டுப் போட்டி) தடகள நேரங்கள் உதவும், ஆனால் சாலைப் பந்தய நேரம் ஒன்று கையில் இருந்தால் கடிதத்துக்குக் கனம் கூடும். அதற்கு நான் சொல்வது ஜப்பானின் ஓய்ட்டா. நாற்காலிக்காரர்களுக்கு மட்டுமேயான பன்னாட்டு மாரத்தான் அங்கே 1981-இலிருந்து நடக்கிறது. முழு தூரமும் உண்டு, பாதி தூரமும் உண்டு. மலேசியருக்கு ஜப்பான் போக விசா தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் மார்சல் ஹக் 2021-இல் அங்கேதான் 1 மணி 17 நிமிடம் 47 விநாடியில் முடித்தார். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நம் பையன்கள் அந்த வேகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம், பாதி தூரத்தில் ஆரம்பிக்கலாம்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு மாரத்தான் அமைப்பாளருக்கு எழுதுங்கள்: வகுப்பு, சிறந்த நேரங்கள், அவை எங்கே எந்தத் தேதியில் கிடைத்தன, நாற்காலியின் படம், கூட வருபவர் யார். குலுக்கல் திறக்கும் சமயத்திலேயே எழுதிவிடுவது நல்லது. சுருக்கமாக எழுதுங்கள். கஷ்டப்பட்ட கதையை விவரமாக எழுத வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது நேரமும் வகுப்பும்தான்.

4. பணமும் வங்கி அட்டையும்

ஒரு ஆஸ்திரேலிய டாலரை மூன்று ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அன்றைய விலை அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் உங்களுக்கு. பதிவுக் கட்டணம், டிக்கெட், ஐந்து இரவு தங்கல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஓட்டக்காரர் ஒருவருக்கு எட்டாயிரம் ரிங்கிட் என்று நான் வைப்பேன். உறவினர் வீட்டில் தங்கினால் நன்றாகக் குறையும். நாற்காலிக்காரருக்குத் துணை ஒருவர் கட்டாயம் என்பதால் தொகை இரட்டிப்பாகும். வேன் வாடகையும் உதிரிப் பாகங்களும் அதற்கு மேல்.

நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் இணையப் பரிவர்த்தனையும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். இது தெரியாமல் பணம் கட்டும் நேரத்தில் அட்டை மறுக்கப்பட்டு, கெடு முடிந்து, கிடைத்த இடத்தை இழக்கலாம். இன்னொன்று: பணம் போவதற்கு வங்கி செயலியில் ஒப்புதல் கேட்கும். தோட்டத்து வீட்டில் லைன் வருவதும் போவதுமாக இருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் கைவிட்டுவிடும். டவுனில் உட்கார்ந்து பணம் கட்டுங்கள்.

5. ஆஸ்திரேலிய மின்பயண அனுமதி

மலேசியக் கடப்பிதழுக்குத் தூதரகம் போக வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, கடப்பிதழை வருடி, முகத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். இந்த அனுமதியின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு பணம் கேட்கும் தரகர் பக்கங்கள் முதலில் வரும். அவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

செயலி கடப்பிதழில் உள்ள சில்லைப் படிக்கும். கைப்பேசியில் என்எஃப்சி (பக்கத்தில் வைத்தாலே சில்லைப் படிக்கும்) வசதி இல்லாவிட்டால் படிக்காது. நம்மில் பலரின் மலிவுக் கைப்பேசியில் அது இருக்காது, பிள்ளைகளின் கைப்பேசியில் செய்துகொள்ளலாம். கடப்பிதழின் மேல் உறையைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை அதன் மேல் அசைக்காமல் வையுங்கள்.

அனுமதி கிடைத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும், ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் வரை தங்கலாம். ஆனால் அது ஒரு கடப்பிதழின் எண்ணோடு கட்டப்பட்டது. கடப்பிதழைப் புதுப்பித்தால் அனுமதியை மறுபடியும் எடுக்க வேண்டும். அதனால்தான் கடப்பிதழை முதலில் முடிக்கச் சொன்னேன். பெயர் குலுக்கலில் விழுந்தவுடனேயே இதற்கு ஓடவும் வேண்டாம், பந்தயத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் செய்தால் சரியாக இருக்கும்.

6. டிக்கெட்: நாற்காலியைக் கேட்டுவிட்டு ஆளுக்கு எடுங்கள்

ஓட்டக்காரருக்கு இதில் சொல்ல அதிகம் இல்லை. வியாழக்கிழமைக்குள் சிட்னியில் இறங்குங்கள். ஓட்டக் காலணியையும் ஓட்ட உடையையும் கைப்பையில் வையுங்கள். திரும்பும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆகஸ்டு 31 விடுமுறை என்பதால் டிக்கெட் விலை ஏறுவதையும், அந்த விடுமுறை உங்களுக்கு ஒரு நாள் லீவை மிச்சப்படுத்துவதையும் சேர்த்துப் பாருங்கள்.

நாற்காலிக்காரருக்கு இந்தப் படிதான் பெரிய தலைவலி. தினசரி நாற்காலியைக் கட்டணமில்லாமல் ஏற்றுவார்கள். பந்தய நாற்காலியை ஒரு நிறுவனம் உதவிச் சாதனம் என்று சொல்லும், இன்னொன்று விளையாட்டுச் சாமான் என்று சொல்லும், அதற்கேற்பக் கட்டணம் மாறும். டிக்கெட் எடுக்கும் முன்பே நீளம், அகலம், எடை மூன்றையும் எழுதி, படத்தோடு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் "போகலாம் சார்" என்று சொன்னதற்கு மதிப்பில்லை. எங்களுக்குக் கவுண்டரில் இருந்த பெண் அளவு கூடுதல் என்று சொல்லி ஒரு தொகையை நீட்டினார். அண்ணன் மகன் மடியிலிருந்த கோப்பைத் திறந்து, அச்செடுத்த மின்னஞ்சலை எடுத்து, "இதைப் பாருங்க மேடம், உங்க ஆபீஸ்லதான் எழுதியிருக்காங்க" என்று நீட்டினான். மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள், தாளைப் படித்தார்கள், நாற்காலி போனது. அந்தத் தாள் இல்லாமல் விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். உதவி தேவை என்ற விவரத்தை 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குச் சொல்லிவிடவும் வேண்டும்.

பெரிய சக்கரங்களைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவட்டையைச் சுற்றிக் கனமான நுரை கட்டுங்கள், அடி படுவது அங்கேதான். தள்ளும் கையுறைகளைக் கைப்பையில் வையுங்கள். கைக்கு வார்த்துச் செய்த கையுறை தொலைந்தால் சிட்னியில் வாங்கிக்கொள்ள முடியாது. டயருக்குச் சிறிய கைப்பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள், வாயுக் குப்பிகள் வேண்டாம். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் போகலாம் என்றாலும் ஆறடி நாற்காலியோடு போகிறவர் வேன் எடுப்பதே நல்லது. ரயிலிலும் விமான நிலைய ரயிலிலும் மாறி மாறித் தூக்கும்போதுதான் சக்கரக் கம்பி வளைகிறது.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது, போட்டியில் ஓடும்போது ஏற்படும் காயத்தை ஏற்பார்களா என்று படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட விளையாட்டுப் போட்டிகளை விலக்கிவைக்கும் திட்டங்கள் உண்டு. நாற்காலியின் விலையையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

7. செம்மண்ணும் சாப்பாட்டுச் சாமானும்

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இந்தப் படி மிக முக்கியம். ஆஸ்திரேலியா தன் விவசாயத்தைக் காக்க மண்ணையும் விதையையும் உள்ளே விடாது. இறங்கும்போது நிரப்பும் பயணி அட்டையில், கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடை, காடு இவற்றோடு தொடர்பு உண்டா என்று கேள்வி இருக்கும். மண் ஒட்டிய காலணி, விளையாட்டுச் சாமான் பற்றியும் கேட்பார்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிப் பழகுகிறவர் "இல்லை" என்று போடக்கூடாது. "ஆம்" என்று போட்டுவிட்டு, தோட்டத்தில் குடியிருக்கிறேன், எல்லாவற்றையும் கழுவியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். காலணியைத் திருப்பிப் பார்ப்பார்கள், சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவார்கள்.

சுத்தம் என்றால் நாம் நினைக்கும் சுத்தம் போதாது. காலணி அடியின் பள்ளங்களில் காய்ந்த செம்மண் கல்லாக இறுகியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். நாற்காலியில் இன்னும் வேலை அதிகம்: டயரும் விளிம்பும் சேரும் இடம், சக்கர அச்சு, முன்கவட்டையின் உள்பக்கம், கால் மடக்கி வைக்கும் தொட்டிலின் தையல் மடிப்பு. மழை நாளில் லோரி கிளப்பிய சேறு அந்த மடிப்பில்தான் போய் உட்காரும். அண்ணி வாசலில் உட்கார்ந்து அந்தத் தையலைப் பிரிக்காமல் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தார். சிட்னியில் அதிகாரி கையுறை போட்டு விரலை விட்டுப் பார்த்ததும் சரியாக அதே மடிப்பில்தான். விரல் சுத்தமாக வெளியே வந்தது. கடைசிப் பயிற்சிக்குப் பிறகு கழுவிக் காயவைத்துப் பையில் கட்டிவிடுங்கள், அப்புறம் வெளியே எடுக்காதீர்கள்.

சாப்பாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் அட்டையில் "ஆம்" போடுங்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம், விதை எதையும் எடுத்துப்போக வேண்டாம். முறுக்கு, ஊறுகாய், மசாலாத் தூள் இருந்தால் காட்டுங்கள். காட்டியதை அவர்கள் ஏற்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், அதோடு முடிந்தது. மறைத்தால் நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கான டாலர் வரை அபராதம், விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. அம்மா கடைசி நேரத்தில் பைக்குள் திணிக்கும் பொட்டலத்தையும் திறந்து பாருங்கள்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவை அசல் டப்பாவோடும் டாக்டர் கடிதத்தோடும் எடுத்துச் செல்லுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் இருக்கும் நாட்டு மருந்துப் பொடி வேண்டாம். விளையாட்டு உரிமம் பெற்ற நாற்காலிக்காரர் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவர், இருமல் மருந்தைக்கூட டாக்டரிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

8. சிட்னியில் தங்குவதும் போய்வருவதும்

விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் உண்டு. சாதாரண ரயில் கட்டணத்துக்கு மேல், நிலைய நுழைவுக் கட்டணம் என்று 18 டாலரை ஒட்டித் தனியாகப் பிடிப்பார்கள். மூன்று நான்கு பேர் என்றால் வண்டி பிடிப்பது மலிவாகிவிடும். ரயில், பஸ்ஸுக்குத் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை, வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். ஆளுக்கொரு அட்டை வேண்டும்.

நம் ஆட்கள் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில் பக்கம் நிறைய. தோசையும் கிடைக்கும், மேஸ் ஹில் முருகன் கோயிலும் பக்கத்தில். தங்க வாடகையும் நகரத்தைவிடக் குறைவு. ஆனால் சனிக்கிழமை இரவு மட்டும் நகரத்திலோ நார்த் சிட்னியிலோ இருந்துவிடுங்கள். ஞாயிறு விடியற்காலை மேற்குப் பக்கத்திலிருந்து ரயிலை நம்பி வருவது வீண் பதற்றம். அறை பதியும்போது படி இல்லாத வாசலும், குளியலறைக் கதவின் அகலமும் நாற்காலிக்காரர் கேட்க வேண்டியவை. கதவு அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

எண் அட்டையை நீங்களே நேரில் வந்துதான் வாங்க வேண்டும். கடப்பிதழைக் கொண்டு போங்கள். பந்தயக் காலையில் கொடுக்க மாட்டார்கள். 2025-இல் டார்லிங் ஹார்பர் மாநாட்டு மையத்தில் கொடுத்தார்கள். அங்கே பெரிய கடை விரித்திருப்பார்கள், புதுக் காலணி ஆசை வரும். வாங்குங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டு ஓடாதீர்கள்.

9. பந்தயக் காலை

தொடக்கம் நார்த் சிட்னியில், முடிவு ஓப்பரா ஹவுஸ் வாசலில். 2024-இல் திறந்த விக்டோரியா கிராஸ் மெட்ரோ நிலையம் தொடக்கத்துக்குப் பக்கம். மெட்ரோ நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு.

ஆகஸ்டு அங்கே குளிர்காலம். விடியற்காலை 9 டிகிரியை ஒட்டி இருக்கும், கேமரன் மலையின் இரவைவிடக் குளிர். பகலில் 18 வரை ஏறும். ஓட அது அருமையான காலநிலை, ஆனால் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கும்போது உடம்பு விறைத்துப்போகும். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுப் போய்க் கிளம்பும்போது கழற்றிவிடுங்கள்.

பாதை தொடங்கியதும் ஹார்பர் பாலம். அப்புறம் ஆக்ஸ்போர்டு தெரு, சென்டெனியல் பூங்கா என்று மேடும் பள்ளமுமாகப் போகும். 2025-இல் எத்தியோப்பியாவின் ஹைலமரியம் கிரோஸ் 2:06:06-இல் வென்றார், பெண்களில் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2:18:22. உலகப் புகழ்பெற்ற கென்ய ஓட்டக்காரர் கிப்சோகேகூட அன்று 2 மணி 8 நிமிடத்தில் ஒன்பதாவதாகத்தான் வந்தார். மேட்டைப் பழகாமல் இந்தப் பாதைக்குப் போகாதீர்கள். பினாங்குப் பாலத்தில் ஓடிய நேரத்தை இங்கே எதிர்பார்க்கவும் வேண்டாம். நம் பக்கம் மேட்டுக்குப் பஞ்சமில்லை, தோட்டத்து உள்சாலைகளில் வாரம் ஒரு நாளாவது ஏறி இறங்குங்கள்.

நாற்காலிக்காரர்களை ஓட்டக்காரர்களுக்கு முன்னால் விடுவார்கள். பார்க்க வரும் குடும்பத்தாருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். முன்னணியினர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நிதானமாக டீ குடித்துவிட்டு வந்தால் மார்சல் ஹக்கையும் பார்க்க முடியாது, பெண்களில் வென்ற சூசன்னா ஸ்கரோனியையும் பார்க்க முடியாது. அந்த இருவரும்தான் 2025-இல் அங்கே வென்றவர்கள்.

நாற்காலிக்காரருக்கு மூன்று விஷயம். பாலத்தில் சாலைத் துண்டுகள் சேரும் இரும்புப் பட்டைகளை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் முன்சக்கரம் திரும்பிவிடும். மழை பெய்தால் தள்ளும் வளையம் வழுக்கும், கையுறையில் தேய்க்கும் பிசினை மறக்கக்கூடாது. மூன்றாவது, முன்னால் போகிறவரின் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் போவது இந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது. அதனால் முதல் சில கிலோமீட்டரில் உங்கள் வேகத்துக்கு ஒத்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு போங்கள், தனியாக மாட்டிக்கொண்டால் மேட்டில் தோள் செத்துவிடும். தினசரி நாற்காலியை முடிவிடத்துக்கு யார் கொண்டுவருவது என்பதை முதல் நாளே அமைப்பாளரிடம் பேசி முடிவு செய்யுங்கள். பந்தய நாற்காலியில் உட்கார்ந்தபடி கழிவறைக்குப் போக முடியாது.

10. திரும்பும்போது

கேஎல்ஐஏ விமான நிலையத்தில் பெரிய சாமான் வரும் இடத்தில் நாற்காலி கைக்கு வந்ததும் அங்கேயே கட்டைப் பிரித்துப் பாருங்கள். சக்கரத்தை மாட்டிச் சுழற்றுங்கள், கோணல் தெரியும். அடி பட்டிருந்தால் கதவைத் தாண்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் சாமான் பிரிவில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள், படமும் எடுங்கள். சேதத்துக்கான புகாரை எழுத்தில் கொடுக்கச் சாமான் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள்தான். வீட்டுக்கு வந்து களைப்பில் படுத்துவிட்டு, சொந்தக்காரர்கள் பார்க்க வந்து போய், அப்புறம் பிரிக்கலாம் என்று இருந்தால் அந்தக் கெடு கடந்துவிடும்.